ஓடுகிற சாட்பாட்டை ஸ்லிக்ஸ்எம்பிபி-க்கு மாற்றத்தான் வேண்டுமா?

பழைய_பைத்தான்: சர்வரில் வட்டு நிரம்பினால் எங்கள் அலுவலக அரட்டைக் குழுவுக்குச் செய்தி அனுப்பும் சாட்பாட் ஒன்று, ஏழு வருடமாக ஸ்லீக்எக்ஸ்எம்பிபி லைப்ரரியில் ஓடுகிறது. எக்ஸ்எம்பிபி என்ற திறந்த அரட்டை நெறிமுறைக்கான (செய்திகள் எக்ஸ்எம்எல் வடிவில் போகும்) பைத்தான் லைப்ரரி அது. அதன் நிரலிலிருந்து பிரிந்து வளர்ந்த கிளையான ஸ்லிக்ஸ்எம்பிபி-க்குப் போகச் சொன்னார்கள், போனேன். முதல் நாளே ஒன்பது முறை இணைப்பு அறுந்தது. நன்றாக ஓடின வண்டியை எதற்கு ஷெட்டில் விடுவது?

கரையான்: செய்தி ஹேண்ட்லருக்குள் (செய்தி வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) என்ன வைத்திருக்கிறீர்கள்?

பழைய_பைத்தான்: யாராவது "நிலவரம்" என்று கேட்டால், ரிக்வெஸ்ட்ஸ் (வலைப்பக்கம் எடுக்கும் லைப்ரரி) வழியாக மானிட்டர் பக்கத்தைப் படித்துப் பதில் சொல்லும். அந்தப் பக்கம் சில சமயம் ஒரு நிமிடம் இழுக்கும்.

கரையான்: அதுதான் வினை. பழைய லைப்ரரியில் ஹேண்ட்லரைத் தனி த்ரெட்டில் (இணையாக ஓடும் இழை) ஓட விடலாம். புதியதில் எல்லாமே ஒரே ஏசிங்க்ஐஓ லூப், அதாவது ஒரே த்ரெட்டில் வேலைகளை மாறி மாறிச் செய்யும் பைத்தான் வசதி. ஒரே ஆள் கல்லாவிலும் உட்கார்ந்து பரிமாறவும் செய்கிற மெஸ் மாதிரி. அவர் ஒரு நிமிடம் பின்கட்டில் நின்றுவிட்டால், சர்வர் அனுப்பும் "இருக்கிறாயா" என்ற பிங்குக்கு (எக்ஸ்எம்பிபி-யின் நீட்டிப்பு விதியான எக்ஸ்இபி-0199) பதில் சொல்ல ஆளில்லை, சர்வர் கதவைச் சாத்திவிடும். அந்த ரிக்வெஸ்ட்ஸ் வரியை மட்டும் தனி த்ரெட்டுக்குத் தள்ளிவிடும் டு_த்ரெட்டில் போட்டு அவெய்ட் செய்யுங்கள், அது முடியும்வரை லூப் மற்ற வேலையைப் பார்க்கும். பைத்தான் 3.9 முதல் இருக்கிறது.

பழைய_பைத்தான்: முன்பு த்ரெட்டைக் கொடுத்துவிட்டு இப்போது பிடுங்குவானேன்?

கரையான்: இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் ராஸ்டரில் (தொடர்புப் பட்டியல்) கை வைத்தால் மாதம் ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழை வரும். அதைத் துரத்தியவர்களுக்குத்தான் வலி தெரியும். கிளை பிரித்தவர்கள் பொயெசியோ என்ற டெர்மினல் அரட்டைச் செயலியை எழுதியவர்கள். ஏசிங்க்ஐஓ 2014-இல் பைத்தான் 3.4-உடன் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய லைப்ரரியின் பக்கமே "இதைக் கைவிட்டுவிட்டோம், அங்கே போங்கள்" என்கிறது.

மொட்டைமாடி: இரண்டு பேருமே இல்லாத ஊருக்கு வழி சொல்கிறீர்கள். கூகுள் டாக் 2005-இல் எக்ஸ்எம்பிபி-யோடு வந்தது, பிறகு கைகழுவியது. ஃபேஸ்புக் அரட்டை 2010-இல் கதவு திறந்தது, 2015-இல் மூடியது. வெப்சாக்கெட்டில் (இருபக்கமும் திறந்தே இருக்கும் வலை இணைப்பு) நானூறு வரி எழுதினால் போதாதா?

கரையான்: அவர்கள் போனால் போகட்டும், இவர் சர்வர் இவரிடம் இருக்கிறது. நானூறு வரியில் செய்தி அனுப்பலாம். வைஃபை போய் வந்தால்? எக்ஸ்இபி-0198-இல் இரு பக்கமும் எத்தனை வந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும், மீண்டும் சேர்ந்ததும் விட்டுப்போனதை மட்டும் அனுப்பும். அதை நீங்கள் எழுதி முடிப்பதற்குள் நானூறு வரி நாலாயிரமாகும். போனில் கான்வர்சேஷன்ஸ், கணினியில் கஜிம் என்று கிளையன்ட்களும் தயாராக இருக்கின்றன.

மொட்டைமாடி: ஒரு "வட்டு நிரம்பியது" செய்திக்கு இத்தனை எக்ஸ்எம்எல்-ஆ? கொசு அடிக்க பீரங்கி. விட்டுப்போன செய்தியை அடுத்த சுற்றில் திரும்ப அனுப்பினால் முடிந்தது. என் கருத்தில் மாற்றமில்லை.

பழைய_பைத்தான்: டு_த்ரெட் போட்டேன். இரவு முழுக்க அறுபடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது நான் தனியாக அனுப்பும் செய்தி எதுவுமே சாட்பாட்டுக்குப் போய்ச் சேரவில்லை!

கரையான்: இணைந்ததும் ஓடும் செஷன்_ஸ்டார்ட்டில் சென்ட்_பிரசன்ஸ் இருக்கிறதா? "இருக்கிறேன்" என்று சொல்லாதவருக்குச் சர்வர் செய்தியைக் கொடுக்காது.

பழைய_பைத்தான்: ...கோப்பை மாற்றி எழுதும்போது அந்த வரி போயிருக்கிறது. பார்த்தீர்களா, மாற்றாமலே இருந்திருந்தால் அது போயிருக்காது.