கட்டுமரத்துல காத்து எங்க சார் இருக்கு?

முக்கூடல் சார்:
நாலாங்கிளாஸ். சில்வர் கும்பாவைத் தண்ணியில விட்டு, "உள்ள காத்து இருக்கு, அதான் மிதக்கு"ன்னு சொல்லி வாய மூடல. கடற்கரைப் பொடியன் ஒருத்தன் எந்திச்சு, "அப்போ கட்டுமரத்துல காத்து எங்க சார் இருக்கு?" கும்பா மட்டும் வாளியில சுத்திக்கிட்டே கிடந்தது.

பாளை டீச்சர்:
காத்து தூக்குதுன்னு சொன்னதுதான் வினை சார். தூக்குறது தண்ணி. வெறுங்கும்பாவைப் பிள்ளைங்க கையாலேயே வாளிக்குள்ள அமுக்கச் சொல்லுங்க. கையை எதுத்துத் தள்ளும், தண்ணி மட்டமும் ஏறும். "எம்புட்டு தண்ணிய ஒதுக்குதோ, அம்புட்டு கனத்தைத் தண்ணி தாங்கும்", இந்த ஒரு வரி போதும். பெரிய பிள்ளைங்கன்னா, தாம்பாளத்துல சருவச்சட்டியை வச்சு விளிம்பு வரை தண்ணி ஊத்தி, கல்லுப் போட்ட கும்பாவை மெதுவா விடுங்க. கும்பாவும் கல்லும் 350 கிராம்னா, வழிஞ்ச தண்ணியும் கிட்டத்தட்ட 350 இருக்கும். விளிம்புக்கு மேல தண்ணி கும்முன்னு நிக்கும், அதை முதல்ல வழிய விட்டுடணும். இல்லேன்னா கணக்கு உதைக்கும்.

கடையம் தாத்தா:
தராசெல்லாம் சின்னதுகளுக்கு எதுக்கு டீச்சர்? அலுமினியத் தாள் போதும். 15 சென்டிமீட்டர் சதுரம், நாலு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் மடக்குங்க. மூலையை வெட்டவே கூடாது, ஒழுகும், மடிச்சுத்தான் ஒட்டணும். அடிப்பக்கம் 10க்கு 10 சென்டிமீட்டர், உயரம் இரண்டரை, ஆக 250 மில்லி. கணக்குப்படி 250 கிராம் தாங்கணும். ஆனா காசை ஒரு மூலையிலயே குவிச்சா பாதியிலயே சரிஞ்சு தண்ணி ஏறிடும். நடுவுல இருந்து பரத்தி வைக்கணும். அப்புறம் அதே தாளைக் கசக்கி உருட்டிப் போட்டு "இப்ப முங்கும் பாரு"ன்னு மட்டும் சொல்லிராதீங்க. உள்ள காத்து அடைஞ்சு உருண்டையும் மிதக்கும், மானம் போயிரும். அம்மிக்குழவியால நச்சுத் தட்டையாக்கி, தண்ணிக்குள்ள அமுக்கி விடணும். களிமண்ணுன்னா கடையில விக்கிற எண்ணெய்க் களிமண்ணு வாங்குங்க, குளத்து மண்ணு கரைஞ்சுரும். அதுல 100 கிராம் உருண்டை 60 மில்லி இடந்தான் அடைக்கும், முங்கிரும். கிண்ணமா விரிச்சு 100 மில்லிக்கு மேல தண்ணிய ஒதுக்க வச்சா மிதக்கும். முட்டையை உப்புத் தண்ணியில...

உவரிக்காரன்:
தாத்தா, முட்டை கிடக்கட்டும். அந்தப் பயல் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலியே. வள்ளம் வேற, கட்டுமரம் வேற. வள்ளம் குழிஞ்ச வடிவத்தால மிதக்கு. உள்ள தண்ணி ரொம்புனா முங்கும். கட்டுமரத்து மேல அலை ஏறி இறங்கும், இடுக்கு வழியா வடியும், முங்காது. மரமே தண்ணியை விட லேசு. வாழைமட்டையை மூணு துண்டு நறுக்கி ஈர்க்கால கோத்து, பக்கத்துல கும்பாவையும் விட்டு, ரெண்டு மேலயும் செம்பால தண்ணி ஊத்துங்க. எது முங்குதுன்னு பிள்ளைங்களே சொல்லும். ஈர்க்கு ரெண்டு இடத்துல குத்தணும், ஒண்ணுன்னா துண்டு திருகிக்கிடும்.

ஆனா டீச்சர், காத்தை அடியோட தள்ளிராதீங்க. மரத்தோட சதை தண்ணியை விடக் கனம், ஒண்ணரை மடங்கு. நுணுக்குத் துளைக்குள்ள காத்து இருக்கதாலதான் மொத்தத்துல லேசாகுது. துளையில தண்ணி ஊறுனா மரம் கனத்துரும். அதான் கட்டுமரத்தைக் கரையேத்தி, கயிறு அவுத்து, வெயில்ல காயப் போடுறது.

முக்கூடல் சார்:
அப்போ பயல்கிட்ட "துளைக்குள்ள இருக்குலே"ன்னு சொல்லலாமா?

உவரிக்காரன்:
சொல்லுங்க. கூடவே காஞ்ச குச்சி ஒண்ணு, ஒரு வாரம் ஊறுன குச்சி ஒண்ணு கையில குடுங்க. ரெண்டும் ஒரே மரத்துக் குச்சியா இருக்கணும்.