புதுப்பிப்பு: இணைப்பைத் தொட்டால் செயலி திறக்காத சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் தளத்தின் இணைப்பைத் தொட்டால் ஆண்ட்ராய்டில் செயலி திறக்காமல் குரோமிலேயே பக்கம் வருகிறது என்று கேட்டிருந்தேன். கணினியிலிருந்து நேரடியாக நிறுவினால் சரியாக இருந்தது. பிளே ஸ்டோரில் இறக்கினால்தான் தகராறு.

கைரேகையை, அதாவது செயலியில் கையொப்பமிடும் சாவியை அடையாளம் காட்டும் குறியீட்டை, சரிபாருங்கள் என்ற யோசனைதான் பலித்தது. பிளே ஸ்டோரின் கையொப்பச் சேவையான பிளே ஆப் சைனிங்கைப் பயன்படுத்தினால், நாம் ஏற்றும் செயலியைக் கூகுள் தன்னிடமுள்ள வேறொரு சாவியால் கையொப்பமிட்டே பயனருக்குத் தருகிறது. தளமும் செயலியும் ஒருவருடையதே என்று ஆண்ட்ராய்டுக்குக் காட்ட நம் தளத்தில் வைக்கும் அசெட்லிங்க்ஸ் ஜேசன் கோப்பில் நான் கொடுத்திருந்தது, ஏற்றும்போது நாம் கையொப்பமிடும் அப்லோட் சாவியின் எஸ்ஹெச்ஏ-256 கைரேகை. செயலியை ஏற்றும் தளமான பிளே கன்சோலின் ஆப் சைனிங் பக்கத்தில் இருக்கும் கைரேகையையும் சேர்த்தேன். பழையதை நீக்க வேண்டாம், இரண்டும் ஒரே பட்டியலில் இருக்கலாம். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியதும் திறந்தது.

எதிர்பாராதது ஒன்று: ஆண்ட்ராய்டு 12 போனில் திறந்தது, 11 போனில் திறக்கவில்லை. எந்த முகவரிகளைத் திறக்கும் என்று செயலிக்குள் குறிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரி, இல்லாத முகவரி இரண்டையும் கொடுத்திருந்தேன். இல்லாததை எங்கள் சர்வர் மற்றதற்குத் திருப்பிவிடுகிறது. அசெட்லிங்க்ஸ் கோப்பைக் கேட்கும்போது அப்படித் திருப்பிவிட்டால் ஆண்ட்ராய்டின் சரிபார்ப்பு தோற்றுவிடும். 12-லிருந்து ஒவ்வொரு முகவரியும் தனித்தனியாகச் சரிபார்க்கப்படுகிறது. 11 வரை ஒன்று தோற்றாலும் எல்லாமே போச்சு. கோப்பை இரண்டு முகவரியிலும் நேரடியாகக் கிடைக்கும்படி வைத்தேன், சரியாகிவிட்டது.

ஐபோனில் சோதிப்பவர்கள் சஃபாரியில் முகவரியைத் தட்டச்சு செய்து பார்க்காதீர்கள், அது செயலியைத் திறக்காது. நோட்ஸில் ஒட்டி, அங்கிருந்து தொட்டுப் பாருங்கள்.