பைப் வில்லில் ஒரு பக்கம் மட்டும் மடங்குகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அக்கா மகளுக்கு வில்வித்தை என்றால் உயிர். கடை வில் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் முக்கால் இஞ்ச் பிவிசி தண்ணீர்ப் பைப்பில் ஐந்தடிக்கு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒயரிங் பைப் மெலிசு, அதைத் தொடவில்லை.

ஹீட் கன்னால் சூடாக்கி, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தி, கைப்பிடியை உருண்டையாகவே விட்டு, நுனிக்குப் போகப் போகத் தட்டையாக்கினேன். எல்லாம் வெளித்திண்ணையில்தான். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், நுரையீரலுக்கு ஆகாது.

இப்போது நாண் ஏற்றினால் மேல்பாதி சீராக வளைகிறது. கீழ்ப்பாதியோ கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளி, ஒரே இடத்தில் மடங்குகிறது. அங்கே பைப் வெளுத்தும் தெரிகிறது. சூடு பட்டால் பிவிசி தானே பழைய வட்டத்துக்குத் திரும்பப் பார்க்கும் அல்லவா, அப்படி அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் உருண்டையாக்கினால் பலம் வருமா? இல்லை, வெளுத்த பைப்பை இனி நம்பக்கூடாதா? உள்ளே ஃபைபர்கிளாஸ் கம்பி செருகியவர்கள் இருக்கிறீர்களா?

அப்புறம் நாண். நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளுகிறது. பாலியெஸ்டர் நூலை முறுக்கலாம் என்றிருக்கிறேன். எத்தனை இழை போடலாம்?

உடைந்தால் சில்லு பிள்ளை முகத்துக்குத்தான் தெறிக்கும். அதனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பைப் வாங்கு என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.