சைமன் - கார்ஃபங்கல் முதல் எல்பி: மோனோவா, ஸ்டீரியோவா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கப் பாடகர்கள் பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் இருவரும் சேர்ந்து பாடி, 1964-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘வெட்னஸ்டே மார்னிங், 3 ஏ.எம்.’ எல்பி (இசைத்தட்டு) தேடிக்கொண்டிருக்கிறேன். 12 பாட்டில் 5 மட்டுமே பால் சைமன் எழுதியவை. மற்றவை பாப் டிலன் பாட்டு, நாட்டுப்புறப் பாடல்கள் என்று பிறருடையவை. ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பாட்டை இருவரும் மின்கருவிகள் இல்லாமல் பாடிய முதல் வடிவம் இதில்தான் இருக்கிறது. (மின்கிட்டார், டிரம்ஸ் சேர்த்ததுதான் 1966-இல் முதலிடம் பிடித்தது. எனக்கென்னவோ பழையதுதான் பிடிக்கிறது.)

ஒருவர் மோனோ (ஒரே தடத்தில் ஒலிப்பது) பிரதி தருகிறேன் என்கிறார். ஸ்டீரியோவைவிட (இடம், வலம் என இரு தடத்தில் ஒலிப்பது) விலை கூடச் சொல்கிறார். இரண்டையும் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இருவர் குரலும் எதில் நன்றாக இழைகிறது? முதல் அச்சா, பின்னால் வந்ததா என்று லேபிளைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? சனிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.