கர்சர் வடிவங்களுக்குத் தமிழ்ப் பெயர்: உருவத்தை வைத்தா, வேலையை வைத்தா?

அனைவருக்கும் வணக்கம்.

க்யூட் டிசைனரை (க்யூட் என்ற நிரல் கருவித்தொகுப்பில் செயலிகளின் சாளரங்களை வடிவமைக்கும் கருவி) நாம் தமிழாக்கி வருகிறோம். அதில் ஒரு பொத்தானையோ பெட்டியையோ தேர்ந்தெடுத்தால் அதன் பண்புகளுக்குள் ‘கர்சர்’ என்று ஒரு வரி இருக்கும்; மவுஸ் அதன்மேல் வரும்போது திரையில் எந்தக் குறி தெரிய வேண்டும் என்பதை அங்கே தேர்ந்தெடுக்கலாம். அதைத் திறந்தால் ஏரோ, வெயிட், ஐபீம் என ஒரு பட்டியல் விரியும். இவற்றுக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் அம்பு, மணற்கடிகை, ஐ-உத்தரம், சிலுவை. எல்லாமே படத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே சின்னப் படம் இருக்கிறது. படம் சொல்வதையே பெயரும் திரும்பச் சொல்வதில் யாருக்கும் பயனில்லை. எதை எப்போது பயன்படுத்துவது என்பதைத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

படமும் நிலையானதில்லை. விண்டோஸில் நெடுநாள் இருந்த மணற்கடிகை விஸ்டாவில் சுழலும் நீல வளையமாகிவிட்டது. பழைய மேக்கில் அதே வேலைக்குக் கைக்கடிகாரம் இருந்தது. லினக்ஸில் திரையின் தோற்றத்தை (‘தீம்’) மாற்றினால் படமும் மாறும். இன்று ‘மணற்கடிகை’ என்று எழுதி வைத்தால் திரையில் மணலும் இருக்காது, கடிகையும் இருக்காது. உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸ் போன்றவற்றில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பின் கர்சர் எழுத்துருவைப் பாருங்கள். அதிலுள்ள 77 உருவங்களில் காபிக் குவளை, குடை, சிலந்தி, பாய்மரப் படகு எல்லாம் உண்டு. எந்த இடத்தில் குடையைக் காட்டுவது என்று அந்தப் பெயரிலிருந்து ஒரு நிரலருக்கு எப்படித் தெரியும்?

இதில் நாம் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் வெயிட், பிஸி என்ற இரட்டை. இரண்டுக்கும் ‘காத்திருக்கவும்’ என்றே எழுதலாம் என்பதை ஏற்க முடியாது. வெயிட் என்பது வேலை முடியும்வரை பயனர் அந்தச் செயலியில் எதையும் தொட முடியாது என்ற அறிவிப்பு. பிஸி என்பது உள்ளே வேலை ஓடினாலும் நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம் என்ற அறிவிப்பு. வலைப்பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்-இலும் இதே பிரிவு வெயிட், புராக்ரஸ் என்று இருக்கிறது. முதலாவதற்குக் ‘காத்திருப்பு’, இரண்டாவதற்குப் ‘பின்னணி வேலை’ என வைக்கலாம்.

எழுத்துகளின்மேல் ‘I’ வடிவில் தெரியும் ஐபீமுக்கு ‘உரை’ போதும். ஜாவாவும் சிஎஸ்எஸ்ஸும் அதை டெக்ஸ்ட் என்றுதான் அழைக்கின்றன. ஆனால் எழுத்துகளின் நடுவே கண்சிமிட்டும் கோட்டையும் ஆங்கிலத்தில் கர்சர் என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. க்யூட்டில் மவுசோடு நகர்வது க்யூகர்சர், எழுத்தோடு நகர்வது க்யூடெக்ஸ்ட்கர்சர். முன்னதைச் சுட்டுக்குறி என்றும் பின்னதை எழுதுகுறி என்றும் பிரித்துவிடுவோம். வெறும் ‘சுட்டி’ என்று விட வேண்டாம். மவுசையே பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஏரோ ‘இயல்பு’ ஆகட்டும். கிராஸ் ‘துல்லியத் தேர்வு’, ஃபர்பிடன் ‘தடை’.

கைகளுக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்கிறேன். அங்கே உருவமே வேலையைச் சொல்லிவிடுகிறது: சுட்டும் கை, விரித்த கை, பற்றிய கை. பதாகம், முட்டி, சூசி என்ற முத்திரைப் பெயர்கள் அழகானவை, எனக்கும் ஆசைதான். ஆனால் நாட்டியம் அறிந்தவருக்கே அவை சட்டென்று விளங்கும்.

திசைப் பெயர்களில் ஆங்கிலத்தைப் பின்பற்றினால் மாட்டிக்கொள்வோம். சாளரத்தை இரு பகுதிகளாகப் பிரிக்கும் பட்டையின்மேல் தெரியும் ஸ்பிளிட் ஹாரிசான்டல் என்பதைக் ‘கிடைப் பிரிப்பு’ என்று எழுதினால், பிரிக்கும் பட்டை கிடையாகக் கிடப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் பட்டை செங்குத்தாக நிற்கும். நாம் அதை இடமும் வலமுமாக இழுப்போம். ஆகவே இழுக்கும் திசையைச் சொல்வோம்: ‘இடவலப் பிரிப்பு’, ‘மேல்கீழ்ப் பிரிப்பு’. சாளரத்தின் மூலைகளைப் பிடித்து இழுக்கும் இரண்டுக்கும் (ஆங்கிலத்தில் சாய்கோடுகளின் பெயரால் ஸ்லாஷ், பேக்ஸ்லாஷ்) ‘வலமேல்–இடக்கீழ்’, ‘இடமேல்–வலக்கீழ்’. கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் பேக்ஸ்லாஷ் எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஹாட்ஸ்பாட். ‘சூடான புள்ளி’யைத் தயவுசெய்து கைவிடுங்கள். கர்சர் படத்தில் எந்த ஒரு புள்ளி சொடுக்கை வாங்குகிறதோ அதுதான் ஹாட்ஸ்பாட். ‘முனை’ என்பது அம்புக்குச் சரி, ஆனால் துல்லியக் குறிக்கு அந்தப் புள்ளி நடுவில் இருக்கிறது. நான் முன்வைப்பது ‘படுபுள்ளி’. பள்ளியில் ஒளியியல் படித்தவர்களுக்குப் படுகதிர், படுகோணம் எல்லாம் பழகியவை. கை படுகிறது, கண் படுகிறது என்று நாள்தோறும் பேசவும் செய்கிறோம். ஆவணத்தில் இப்படி வரும்: 32×32 அளவில் ஒரு பென்சில் வரைகிறீர்கள்; கூர் இடக்கீழ் மூலையில் இருக்கிறது. படுபுள்ளியை (0, 31), அதாவது இடமிருந்து 0, மேலிருந்து 31 என்று கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் க்யூட் -1 என எடுத்துக்கொண்டு படத்தின் நடுவைப் படுபுள்ளியாக்கிவிடும். கோடு பென்சிலின் கூரில் தொடங்காமல் அதன் வயிற்றிலிருந்து தொடங்கும்.

ஒன்றை இழுத்து வேறிடத்தில் விடும்போது வரும் மூன்று கர்சர்களுக்கு ‘நகல், நகர்வு, இணைப்பு’ என்ற பரிந்துரையில் முதல் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. ‘படியெடு, இடம்மாற்று, இணை’ என்றால் பிரித்தறிய எளிது. இதைவிடப் பொருத்தமானவை தோன்றினால் எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றுவதற்கு முன் எல்லாரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.