ரத்தப் பரிசோதனையில் 19 உணவு பாசிட்டிவ்: எங்கள் வீட்டில் நடந்தது இது, உங்கள் வீட்டில்?

சேலம் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு அம்மாவுக்காக எழுதுகிறேன். மூன்று வருடம் முன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

பையனுக்கு மூன்றாவது மாதத்திலேயே இரண்டு கன்னமும் சிவந்து நீர் கசிய ஆரம்பித்தது. அப்புறம் முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்பக்கம். என் மாமியார் பார்த்ததுமே கரப்பான் என்றார், பால் கொடுக்கிறவள் சாப்பிட்டால் பிள்ளைக்கு இறங்கும் என்று எனக்குக் கத்திரிக்காயும் கருவாடும் நின்றன. டாக்டர் எக்ஸிமா என்றார். பெயர் எதுவானாலும், விடிந்து பார்த்தால் தலையணை உறையில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டு இருக்கும், அவ்வளவு சொறிந்திருப்பான்.

14-வது மாதம் ஒருநாள் ஆம்லெட்டில் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் உதடு தடித்து, வயிறு முதுகெல்லாம் காணாக்கடி மாதிரி பட்டை பட்டையாக எழும்பிவிட்டது. பக்கத்து கிளினிக்குக்கு ஓடினோம், ஏவில் ஊசி போட்டார்கள், ஒரு மணி நேரத்தில் அடங்கியது. அதுவரை சரி. மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். லேபில் "முட்டைக்கு மட்டும் எதற்கு, பேக்கேஜாகப் பார்த்தால் எல்லாமே தெரிந்துவிடும்" என்றார்கள். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. 60-க்கும் மேல் பொருட்கள். 19-க்கு நேரே சிவப்பு எழுத்து. முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை, துவரம்பருப்பு, தக்காளி, வாழைப்பழம், இவ்வளவு ஏன், அரிசி கூட.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். ஒன்பது மாதம். கேழ்வரகுக் கஞ்சி, உருளைக்கிழங்கு, ஆப்பிள், மறுபடியும் கேழ்வரகுக் கஞ்சி. பரிசோதனை அன்று 9.6 கிலோ இருந்த பிள்ளை ஒன்பது மாதம் கழித்து 9.5 கிலோ. கல்யாண வீட்டில் எல்லாக் குழந்தைகளும் பாயசம் குடிக்கும்போது இவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றதெல்லாம் இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. இவ்வளவுக்கும் சொறி குறையவே இல்லை.

வேறு ஊரில் குழந்தைகளுக்கான அலர்ஜி டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "ரத்தம் எடுத்த அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டான்?" இட்லி என்றேன். "சாப்பிட்டு என்ன ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லை சார் என்றேன். "அதற்கு முந்தின நாள்?" பருப்பு சாதம். "என்ன ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார், நான் ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன், ஏழெட்டு தடவை சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. முட்டையைத் தவிர எதற்கும் அவனுக்கு ஒன்றுமே ஆனதில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அந்தப் பரிசோதனை ரத்தத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. எக்ஸிமா உள்ள குழந்தைகள் பலருக்கு அது பல உணவுகளுக்கு எதிராகச் சும்மாவே இருக்கும். அது இருப்பது ஒன்று, சாப்பிட்டால் உடம்பு எதிர்ப்பது இன்னொன்று. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. ஹாங்காங், சீனா, ரஷ்யா என்று பல இடங்களில் ஒரே முறையில் செய்த பெரிய ஆய்வின் பகுதி அது. ரத்தத்தில் பாசிட்டிவ் வந்த பிள்ளைகள் ஏராளம், சாப்பிட்டால் உண்மையில் அலர்ஜி இருக்கக்கூடியவர்கள் என்று தேறியது மொத்தப் பிள்ளைகளில் 0.14 சதவீதம்தான். ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர். இது தெரியாமல்தான் பிள்ளையை ஒன்பது மாதம் பட்டினி மாதிரி போட்டிருந்தேன். (ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்க்கும் பேக்கேஜும் விற்கிறார்கள், உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க அது உதவாது என்று அமெரிக்க, ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கங்களே சொல்லியிருக்கின்றன. அதற்குப் பணம் கட்டாதீர்கள்.)

ஆனால் ஒரு விஷயம், இதைக் கேட்டதும் வீட்டில் உடனே பால் கொடுத்துப் பார்க்காதீர்கள். எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு ஒரு உணவை மாதக்கணக்கில் நிறுத்தினால், முன்பு ஏற்றுக்கொண்ட உடம்பு மறந்துவிட்டு திரும்பக் கொடுக்கும்போது எகிறிவிடலாமாம். அதனால் பாலை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுத்தார்கள். ஊசி மருந்து ஒரு தட்டில் தயாராக இருந்தது. முதலில் உதட்டில் ஒரு தொடல். இருபது நிமிடம் காத்திருப்பு. அப்புறம் சிரிஞ்சில் 1 மி.லி. மறுபடியும் காத்திருப்பு. நர்ஸ் சட்டையைத் தூக்கித் தூக்கி வயிற்றைப் பார்ப்பார், நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அரை டம்ளர். மேலுதட்டில் வெள்ளைக் கோடோடு டம்ளரை நீட்டி "இன்னும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது ஆம்லெட் மாதிரி நேரடி முட்டை தவிர எல்லாம் சாப்பிடுகிறான். சொறிக்குக் களிம்பும், குளித்ததும் மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசரும்தான் வேலை செய்தது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஹாரோ அப்பா:

சகோதரி, வாசித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது லண்டன். என் மகள் 2008-இல் எட்டு மாதப் பிள்ளையாக வேர்க்கடலை அலர்ஜி பற்றிய லீப் என்ற ஆய்வில் சேர்ந்தவள். உங்கள் மகனைப் போலத்தான், கடுமையான எக்ஸிமா.

அந்தக் காலத்தில் இங்கே அலர்ஜி உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை கச்சான் காட்டவே கூடாது என்பதுதான் அறிவுரை, 1998-இலிருந்து அரசாங்கமே சொன்னது. (கச்சான் என்றால் உங்கள் வேர்க்கடலை.) இந்த ஆய்வை நடத்திய பேராசிரியர் கிடியன் லாக்கின் குழுவினர் ஒரு விசயத்தைக் கவனித்திருந்தார்கள். பிரிட்டனில் வளரும் யூதப் பிள்ளைகளுக்கு இஸ்ரேலில் வளரும் யூதப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு கச்சான் அலர்ஜி. இரத்தம் ஒன்றுதான், சாப்பாடுதான் வேறு. அங்கே கைக்குழந்தைக்கே பம்பா என்று கச்சான் சேர்த்த பொரியைக் கொடுத்துவிடுகிறார்கள், வாயில் வைத்ததும் கரைந்துவிடும்.

640 பிள்ளைகள், நாலு மாதத்திலிருந்து பதினொரு மாதம் வரையானவர்கள். பாதிப் பேர் ஐந்து வயது வரை கச்சானைத் தொடக்கூடாது, மற்றப் பாதி கிழமைக்கு (வாரத்துக்கு) 6 கிராம் கச்சான் புரதம் சாப்பிட்டே ஆகவேண்டும். எந்தப் பக்கம் என்பது குலுக்கல் மாதிரி. மகள் சாப்பிடும் பக்கம். வீட்டில் பெரிய சண்டை. அம்மம்மா தொலைபேசியில் "பிள்ளையை எலி மாதிரி ஆக்கிறியளோ" என்று அழுதார். முதல் தரம் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுத்தார்கள், பிறகு வீட்டில். பிள்ளைகள் உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று பார்க்கக் கட்டிலில் இருந்து தூசி எடுத்து அதில் கச்சான் புரதம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள்.

2015 பெப்ரவரியில் முடிவு வந்தது. தவிர்த்த பக்கத்தில் 17.2 சதவீதத்துக்குக் கச்சான் அலர்ஜி, சாப்பிட்ட பக்கத்தில் 3.2 சதவீதம். பிறகு பிள்ளைகள் பதின்வயதுக்கு வந்ததும் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், 2024-இல் அதுவும் வெளிவந்தது, தவிர்த்த பக்கத்தில் 15.4 சதவீதம், சாப்பிட்ட பக்கத்தில் 4.4. இடையில் விருப்பப்படி சாப்பிட்டாலும் விட்டாலும் அந்த வித்தியாசம் நின்றது.

காத்திருக்கும் அறையில் எங்களோடு ஒரு குடும்பம் பழக்கமானது. அவர்கள் தவிர்க்கும் பக்கம். பையனுக்கு ஐந்து வயதில் கச்சான் அலர்ஜி என்று வந்தது. அந்தத் தாய் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஒரு பிழையும் விடவில்லையே, சொன்னதைத்தானே செய்தேன் என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அந்தப் பிள்ளையும் சேர்ந்துதான் இன்றைக்கு உலகம் முழுக்க அறிவுரையை மாற்றினான் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

ஒன்று மட்டும், முழுக் கச்சானை ஐந்து வயதுக்குள் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். அரைத்தோ குழைத்தோதான்.

பெரம்பூர்க்காரர்:

எங்கள் வீட்டுக் கதை மூச்சு சம்பந்தப்பட்டது, இருந்தாலும் இங்கேயே சொல்கிறேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, 1995 வாக்கில், வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். கடந்த 12 மாதத்தில் மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் வந்ததா என்று ஒரு கேள்வி. எனக்கு வரும். பக்கத்துப் பையன் பார்த்துவிடுவான் என்று இல்லை என்று போட்டேன். அது ஐசாக் என்ற உலகளாவிய ஆய்வு என்பதும், 56 நாடுகளில் 13-14 வயதுப் பிள்ளைகள் நாலரை லட்சத்துக்கும் மேல் அதே கேள்விக்குப் பதில் எழுதினார்கள் என்பதும், அதில் சென்னையும் இருந்தது என்பதும் ரொம்ப காலம் கழித்துத்தான் தெரிந்தது. நான் சொன்ன அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் என் மகளுக்கும் அதே இளைப்பு வந்தது, வீட்டிலும் அதே மாதிரி மறைத்தார்கள்.

இரண்டு வயதில் ஒரு இடத்தில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் (குழந்தைகளுக்கு வரும் டிபி) என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. எக்ஸ்ரேயைத் தவிர வேறு எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. அப்புறம் வருடக்கணக்கில் சிரப், ராத்திரியில் நெபுலைசர். ஆஸ்துமா என்ற வார்த்தையை யாருமே சொல்லவில்லை, பெண் பிள்ளை, பம்ப் (இன்ஹேலர்) வைத்தால் நாளைக்குக் கல்யாணத்துக்குச் சிக்கலாகும் என்று என் அம்மாவும் விடவில்லை. ஐசாக்கின் தொடர்ச்சியாக இந்தியாவில் நடந்த ஆய்வு 2022-இல் வந்தது, அதில் மூச்சில் விசில் சத்தம் உள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை என்று இருக்கிறது. படித்ததும் எங்கள் வீட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

பம்ப் என்றால் பவர் அதிகம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. சால்பியூட்டமால் சிரப் ஒரு தேக்கரண்டியில் 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம், உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, கை நடுங்குகிறது. பம்பில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம், நேராக நுரையீரலுக்கு. தினமும் வைக்கிற ஸ்டீராய்டு பம்பினால் உயரம் குறையுமா என்றால், அமெரிக்காவில் குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என் மகள் மாடிப்படி ஏறிவிட்டு வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். ஸ்பேசர் (பம்போடு பொருத்தும் குழாய்) வைத்துப் பம்ப் கொடுத்து நாலு மாதம் ஆனதும் ஸ்கூலில் ரிலே ஓடினாள். மூன்றாவது வந்தாள்.

செவிலியர், திருச்சி:

சேலம் அக்கா, அன்றைக்கு உங்கள் பையனுக்குத் தடிப்பு மட்டும்தான், ஏவிலில் அடங்கியது. ஆனால் தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்முவது, விடாத வாந்தி, பிள்ளை துவண்டு போவது இதில் ஏதாவது சேர்ந்தால் ஏவிலும் டெக்சாவும் (ஸ்டீராய்டு ஊசி) போதாது. அட்ரினலின்தான் முதல் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மி.கி. வெளிநாட்டில் இருக்கிற பேனா ஊசி இங்கே எளிதில் கிடைக்காது, சிரிஞ்சில் எடுத்துப் போடுகிற ஆம்பூல்தான் (சின்னக் கண்ணாடிக் குப்பி), அதனால் கிளம்பும்போதே 108-க்குச் சொல்லிவிடுங்கள். வண்டியில் பிள்ளையைப் படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் மட்டும் உட்கார்ந்த வாக்கில். நிற்க வைக்காதீர்கள், நடத்திக் கூட்டிப்போகாதீர்கள்.

ஏழு மாதப் பாப்பா அம்மா:

அக்கா, பாப்பாவுக்குக் கன்னத்தில் கரப்பான் இருக்கிறது. நாளைக்கு அதே மாதிரி பேக்கேஜ் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார்கள். போகவா வேண்டாமா?

சேலம் அம்மா:

அம்மாடி, உன் டாக்டரிடமே கேள், எந்த உணவுக்கு என்ன ஆனதால் இந்தப் பரிசோதனை என்று. பதில் சொல்ல முடிந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் பார்க்கட்டும். வேர்க்கடலை, முட்டை ஆரம்பிப்பதைப் பற்றியும் இப்போதே கேட்டுவிடு, கரப்பான் கடுமையாக இருந்தால் முதல் வாய் எங்கே வைத்துக் கொடுப்பது என்று அவர் சொல்வார். போவதற்கு முன்னால் ஒரு தாளில், பாப்பா இதுவரை சாப்பிட்டு ஒன்றும் ஆகாத உணவு எல்லாவற்றையும் எழுதிக்கொள். நான் அந்தத் தாளை எழுதியிருந்தால் ஒன்பது மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஹாரோ அண்ணா, அந்தத் தாயை மறுபடி பார்த்தால் சேலத்திலிருந்து ஒருத்தி நன்றி சொன்னாள் என்று சொல்லுங்கள். என் பையன் கடலை உருண்டையை ஆஸ்பத்திரியில் முதல் முறை தேனில் குழைத்த பொடியாகத்தான் சாப்பிட்டான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டை சேர்த்துச் சுட்ட கேக் இப்போது ஒத்துக்கொள்கிறது. ஆம்லெட்டுக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள், வந்து எழுதுகிறேன்.