ஹெரால்டின் பின் பிரேக் அட்ஜஸ்டர் அசைய மாட்டேன் என்கிறது

வேளச்சேரி வாசி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு வண்டி. அப்பா வாங்கியது. என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் இதில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது, சக்கரம் பாதி முழுகிவிட்டது. இன்ஜினைச் சரி பண்ணி ஓட்டத் தொடங்கிவிட்டேன், பிரேக்தான் தொந்தரவு. பெடல் முக்கால்வாசி உள்ளே போன பிறகுதான் பிடிக்கிறது. இரண்டு தடவை அடித்து மிதித்தால் மேலே வருகிறது. ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வீட்டுச் சரிவில் வண்டி நிற்பதில்லை.

பின் சக்கரங்களில் பிரேக் இடைவெளியைக் குறைக்கும் திருகான அட்ஜஸ்டரைத் திருப்பலாம் என்று அடியில் படுத்துப் பார்த்தேன். இடது பக்கம் இம்மிகூட அசையவில்லை. வலது பக்கம் அதைவிட மோசம். போன மாதம் ஒரு பட்டறையில் கொடுத்தபோது பைப் ரெஞ்சு போட்டுத் திருகி, சதுரத் தலையின் மூலைகளை மழுக்கிவிட்டார்கள். கடைசியில் ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இதை நானே சரி செய்ய முடியுமா?

தாம்பரம் சேகரிப்பாளர்:

முடியும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிரம்மை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளையைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை காம்ப்ரசர் வைத்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் (டிரம்மில் உரசும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

பட்டறைக்காரர் மகன்:

தம்பி, என் அப்பா பட்டறையில் நான் முதலில் கற்றுக்கொண்ட வேலையே இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேபிளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றீர்களே, முதலில் அதைத் தளர்த்துங்கள். ஷூவுக்கும் (லைனிங் ஒட்டிய வளைவான தகடு) டிரம்முக்கும் இடையில் இருக்கும் இடைவெளியை அட்ஜஸ்டர்தான் குறைக்க வேண்டும். அந்த வேலையைக் கேபிளிடம் கொடுத்தால் ஹேண்ட் பிரேக் பாதி பிடித்தபடியே நிற்கும், அப்புறம் நீங்கள் எந்த அட்ஜஸ்ட்மெண்ட் செய்தாலும் சரியாக வராது.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின்னால் இரண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் டிஃபரன்ஷியல் வழியாக இன்னொன்றும் சுற்றும். அந்தப் பக்கத்து இறுக்கத்தை இந்தப் பக்கத்து இறுக்கம் என்று நினைத்து ஏமாறுவது சுலபம்.

ஹெரால்டில் டிரம்மைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்க்ரூதான், ஹப்பைத் தொட வேண்டியதில்லை. ஷூவைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்பது அப்புறம் நினைவிருக்காது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளுவது வீல் சிலிண்டர்; அட்ஜஸ்டர் அதற்கு எதிர்ப் பக்கம் இருக்கும். அட்ஜஸ்டரில் ஷூவைத் தள்ளும் இரண்டு சிறிய துண்டுகள், அதாவது டேப்பெட், நடுவில் கூம்பு முனையுள்ள ஒரு ஸ்க்ரூ. ஸ்க்ரூ உள்ளே போகப் போக, கூம்பு டேப்பெட்டுகளை இரண்டு பக்கமும் தள்ளும், ஷூ விரியும்.

கூம்பு இருப்பதால் அந்த ஸ்க்ரூ பின்பக்கமாக வெளியே வராது. வண்டிக்கு அடியிலிருந்து பார்க்கும்போது இடப்பக்கமாகத் திருகித் திருகி வெளியே இழுக்கப் பார்ப்பார்கள், ஓரளவுக்கு மேல் அது முட்டிக்கொள்ளும், பலத்தைக் காட்டினால் தலை போய்விடும். டேப்பெட் இரண்டையும் எடுத்துவிட்டு வலப்பக்கமாகத் திருகிக்கொண்டே போனால் டிரம் இருந்த பக்கமாக அதுவே வெளியே வந்துவிடும். உங்கள் வலது பக்கத் தலையும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இறுகியிருப்பதை இளக்க அவசரம் கூடாது. பின்பக்கம் தெரியும் மரையை இரும்பு பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, டபிள்யூ டி 40 அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் மறுபடி அடியுங்கள். கால் இஞ்ச் சதுரத்துக்கென்றே பிரேக் ஸ்பேனர் கிடைக்கும், அதை மட்டும் போடுங்கள். வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் 'க்ரீச்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வலது பக்கத்துக்கு அட்ஜஸ்டரை முழுசாகவே பேக் பிளேட்டிலிருந்து (இதெல்லாம் மாட்டியிருக்கும் பின் தகடு) கழற்றி எடுங்கள், நட்டுகள் பின்னால் இருக்கின்றன. வைஸில் பிடித்து, மழுங்கிய தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் போடச் சொல்லுங்கள். பிடியும் கிடைக்கும், அந்தச் சூட்டிலேயே துருவும் விடும். வண்டியில் மாட்டியிருக்கும்போது நெருப்புக் காட்டாதீர்கள், பக்கத்தில் பிரேக் ஆயிலும் ரப்பரும் இருக்கின்றன. ஸ்க்ரூ போய்விட்டால் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடிப் பாருங்கள், பழையதைக் கையோடு கொண்டு போங்கள்.

டேப்பெட்டுகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தள்ளினாலே வழுக்கும்படி செய்யுங்கள். எடுத்த பக்கத்திலேயே, சரிவான முகம் கூம்பைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். மரைக்கு காப்பர் கிரீஸ். சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்கில் வழியும்.

இன்னொன்று, வீல் சிலிண்டர். அதில் ஒரே ஒரு பிஸ்டன்தான், அதனால் சிலிண்டரே பேக் பிளேட் துவாரத்தில் முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் இரண்டாவது ஷூவும் அழுத்தும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் அதுவும் இறுகியிருக்கும். கையால் தள்ளிப் பாருங்கள்.

எல்லாம் மாட்டியதும் சக்கரம் பூட்டும் வரை வலப்பக்கம் திருப்புங்கள். பெடலை ஒரு தடவை மிதித்தால் ஷூ நடுவில் உட்காரும். மறுபடி இறுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு கிளிக் பின்னால் விடுங்கள். கால் சுற்றுக்கு ஒரு கிளிக். லேசாக உரசினால் பரவாயில்லை. கேபிளை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும்.

வேளச்சேரி வாசி:

அண்ணே, ரொம்ப நன்றி. இடது பக்கம் மூன்றாம் நாள் காலை அந்த 'க்ரீச்' கேட்டது! டேப்பெட்டைக் கழற்றியதும் உள்ளே தெருச் சேறு காய்ந்து செங்கல் மாதிரி இருந்தது. நீங்கள் சொன்னபடியே வலது பக்க ஸ்க்ரூவும் நட்டு வெல்டிங் போட்டதும் டிரம் பக்கமாக வந்துவிட்டது, ஆனால் மரை அரித்துப் போயிருக்கிறது. புதுப்பேட்டையில் ஒரு பழைய அட்ஜஸ்டர் கிடைத்தது. சிலிண்டர் இரண்டும் இறுகியேதான் இருந்தன. இடது பக்கத்தில் ரப்பர் ஓரம் ஈரமாக இருக்கிறது, கசிவாக இருக்குமா?

பட்டறைக்காரர் மகன்:

கசிவேதான். இரண்டு பக்கமும் சிலிண்டர் கிட், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர்களை மாற்றிவிடுங்கள். உள்சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் கிட் போட்டும் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தால் அந்த ஷூவும் வேண்டாம். கடைசியில் பிரேக் குழாயில் புகுந்த ஏர் எடுத்துவிட்டு, காலியான தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்து எழுதுங்கள் தம்பி.